மாசம் 75,000 கன்சல்டன்ட் ஆஃபர்: ஓகே சொல்றதுக்கு முன்னாடி லி நாவோட கணக்கைப் பாருங்க



"இப்போ மாசம் 60,000 சிடிசி. அதே வேலைக்கு கன்சல்டன்ட்டா வந்தா 75,000 தர்றோம்னு சொல்றாங்க. போகலாமா?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது.

இதே மாதிரி ஒரு முடிவை ரொம்பப் பெரிய அளவுல எடுத்தவர், சீனாவின் முன்னாள் டென்னிஸ் வீராங்கனை லி நா. 2011 பிரெஞ்சு ஓப்பன், 2014 ஆஸ்திரேலியன் ஓப்பன் சாம்பியன். ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை ஆசியாவுக்கு முதன்முதலாகக் கொண்டு வந்தவர். அவருடைய ஆட்டத்தைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்காங்க. நாம அவரோட கணக்கைப் பார்ப்போம்.

எல்லாச் செலவும் அரசுடையது

லி நா 1982-ல் வூஹான் நகரில் பிறந்தவர். முதல்ல ஆடினது பேட்மின்டன். சின்ன வயசிலேயே டென்னிஸுக்கு மாத்திட்டாங்க. அன்றைய சீன முறையில் கோச், பயிற்சி, பயணம் எல்லாத்தையும் அரசு விளையாட்டு அமைப்பே பார்த்துக்கும். யார் கோச், எந்தப் போட்டிக்குப் போகணும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். பதிலுக்கு, ஜெயிக்கிற பணத்துல சுமார் 65% வரை அமைப்புக்குப் போயிடும்.

2002-ல் டென்னிஸையே விட்டுட்டு பல்கலைக்கழகத்துல படிக்கப் போனார். 2004-ல் திரும்பி வந்தார். அதே வருஷம் குவாங்சோவில் பட்டம் வென்று, டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் சீன வீராங்கனை ஆனார்.

2008 கடைசியில் விதி மாறியது. லி நா உட்பட நாலு வீராங்கனைகள் தனியாகப் போக அனுமதி கிடைத்தது. அமைப்புக்குத் தர வேண்டிய பங்கு 8 முதல் 12% ஆகக் குறைந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அங்கே வைத்த பேர், 'தனியாகப் பறப்பது'.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கோச் சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் இனிமே அவர் பாக்கெட்டிலிருந்து. அப்போ அவருக்கு வயசு 26. கையில ஒரு கிராண்ட்ஸ்லாம் பட்டமும் கிடையாது.

எந்த இடத்துல லாபம்?

புரியறதுக்காக ஒரு உதாரண எண் எடுத்துக்குவோம். வருஷச் செலவு 55 லட்சம், அமைப்புக்குத் தர்றது 10%.

ஒரு கோடி ஜெயிச்சா, பழைய முறையில் கையில் நிற்பது 35 லட்சம். புது முறையில் 90 லட்சம் வரும், 55 லட்சம் செலவு போக அதே 35 லட்சம்தான்! இரண்டு கோடி ஜெயிச்சா பழைய முறையில் 70 லட்சம், புது முறையில் 1.25 கோடி. ஆனா காயம் பட்டு 50 லட்சம் மட்டும் ஜெயிச்சா? பழைய முறையில் 17.5 லட்சம் மிச்சம். புது முறையில் 10 லட்சம் கைநஷ்டம்.

அதாவது, லி நா வாங்கினது வெறும் சம்பள உயர்வு இல்லை. ரிஸ்க்கையும் சேர்த்து வாங்கினார். கூடவே, எவ்வளவு ஜெயிச்சாலும் பெரும்பகுதி தனக்கே என்ற உரிமையையும் வாங்கினார்.

அந்த உரிமையை அவர் நல்லாவே பயன்படுத்தினார். 2011-ல் கோச்சா இருந்த கணவர் ஜியாங் ஷானுக்குப் பதிலா டென்மார்க்கின் மைக்கேல் மார்டென்சனைக் கொண்டு வந்தார். அந்த வருஷமே பிரெஞ்சு ஓப்பன் கிடைத்தது. 2012-ல் ஜஸ்டின் ஹெனினின் முன்னாள் கோச் கார்லோஸ் ரோட்ரிகஸ் வந்தார். 2014 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓப்பன், அடுத்த மாசமே உலகத் தரவரிசையில் 2-ம் இடம். மொத்தப் பரிசுப் பணம் சுமார் 1.67 கோடி டாலர். விளம்பர வருமானம் தனி.

ஆனா அதே 2014 ஜூலையில் இடது முழங்காலில் ஆபரேஷன். வலது முழங்காலில் ஏற்கனவே மூணு ஆகியிருந்தது. செப்டம்பரில் 32 வயசுல ஓய்வு அறிவித்தார். ஜனவரியில் சாம்பியன், செப்டம்பரில் ஆட்டமே முடிஞ்சிடுச்சு. தனியாகப் பறக்கிறவங்களுக்கு நல்ல வருஷங்கள் எவ்வளவு சீக்கிரம் முடியலாம்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ உங்க 75,000

கன்சல்டன்ட் ஆனா சம்பளத்தோட லீவு கிடையாது. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுன்னு வெச்சா, மாசக் கணக்கில் 6,250 குறையும். கான்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்க ஒரு மாச இடைவெளி, இன்னொரு 6,250. உங்களுக்கும் பெற்றோருக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் 4,000. லேப்டாப், இன்டர்நெட் 3,000. மொத்தம் 19,500. மிச்சம் 55,500.

60,000-ஐ விட்டுட்டு 55,500-க்குப் போறோம்! கம்பெனி போடும் பிஎஃப் உங்க 60,000-க்குள்ளேயே இருக்கு. இங்கே அதையும் இந்த 55,500-லேருந்து நீங்களேதான் சேமிக்கணும்.

வரி மிச்சமாகுமா? இந்த வருமானத்துக்கு புதிய வரி முறையில் இரண்டு பக்கமும் வரி வராது. ஆனா கன்சல்டன்ட் ஃபீஸில் பெரும்பாலும் 10% டிடிஎஸ் பிடிச்சிடுவாங்க. மாசம் 7,500 போயிடும், ரிட்டர்ன் ஃபைல் பண்ணி ரீஃபண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

கையெழுத்துக்கு முன்னாடி

அப்போ போகவே கூடாதா? அப்படி இல்லைங்க. கான்ட்ராக்ட்டை எடுத்து இந்த மூணை மட்டும் பாருங்க.

1. வேற கிளையன்ட்டுக்கும் வேலை செய்யலாமா? கூடாதுன்னா உங்க வருமானத்துக்கு அவங்களே மேல் வரம்பு போட்டுட்டாங்க.

2. எத்தனை நாள் நோட்டீஸ்ல உங்களை அனுப்பலாம்?

3. ஆறு மாச வீட்டுச் செலவு தனியா ஒதுக்கி இருக்கா? சொந்தமா ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?

லி நா ரிஸ்க்கை ஏத்துக்கிட்டார், வளர்ச்சியும் அவருக்கே வந்தது. ரிஸ்க் மட்டும் உங்களுக்கு, வளர்ச்சி அவங்களுக்குன்னா, அந்த 75,000-க்குப் பேர் சம்பள உயர்வு இல்லை, சம்பளக் குறைப்பு. தைரியமா பேரம் பேசுங்க. மேலே இருக்கிற கணக்குல, 60,000-க்குச் சமமா வரணும்னாலே 80,000-க்கு மேல கேட்கணும்.