பெயரை எடுத்துவிட்டால் பட்டியல் எதற்கு?

திருத்தணி வட்டாரத்து நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் எந்த வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. தெருவில் நடந்தால் காதிலேயே விழுந்துவிடும். எந்தத் தறி நின்றுபோனது, யார் தறியை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு அத்துப்படி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023இல் 1000 யூனிட்டானது. கைத்தறிக்கு 200 என்பது 300 ஆனது. இந்தச் சலுகை ஓடாத தறிக்கும் போகிறதா, ஓடுகிற தறிக்குக் கிடைக்காமல் இருக்கிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து தணிக்கையாளர் வர வேண்டாம். பயனாளிகள் பட்டியலைக் கடைத்தெருவில் ஒட்டினால் சாயங்காலத்துக்குள் ஊரே தணிக்கையை முடித்துவிடும். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

அந்தப் பெயரைத்தான் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்திருத்தம் மறைக்கப் பார்க்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜே) என்றொரு பிரிவு உண்டு. ஒருவரின் சொந்த விவரத்தை எப்போது தர மறுக்கலாம் என்று சொல்வது அது. பொதுப்பணிக்கோ பொதுநலனுக்கோ சம்பந்தமில்லாத விவரம், வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் அநாவசியமாகத் தலையிடும் விவரம் ஆகியவற்றை மறுக்கலாம். அப்போதும் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும் என்றுதான் பழைய வாசகம் இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் மூலம், இவ்வளவையும் எடுத்துவிட்டு ஒரே வரியை வைத்திருக்கிறது: தனிநபர் தொடர்பான தகவலைத் தர வேண்டியதில்லை.

மத்திய அரசுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்தினோம், வேறு சட்டங்களின்படி வெளியிட வேண்டிய பட்டியல்கள் தொடர்ந்து வெளிவரும் என்கிறது. தனியுரிமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நெசவாளியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஊருக்கு எதற்கு? ஆனால் பழைய வாசகம் அதையும் காத்தது, பொதுப் பணம் யாருக்குப் போனது என்பதையும் சொல்லவைத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பிலிருந்து அதிகாரியை விடுவித்ததுதான் திருத்தம் செய்த வேலை. பேரூராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் எழுத்தர், சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வார் என்று நமக்குத் தெரியாதா?

தகவல் அறியும் உரிமைச் சட்டமே பெயர்களிலிருந்துதான் பிறந்தது. ராஜஸ்தானில் அருணா ராய் முதலானோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் பொது விசாரணை நடத்தியது. வறட்சி நிவாரண வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயர், ஊரில் இல்லாதவர் பெயர், கூலி வாங்காமலே வாங்கியதாகக் கைநாட்டு. கேட்டுக்கொண்டிருந்த மக்களே எழுந்து, இது பொய் என்றார்கள். அந்தப் பட்டியலில் மொத்தத் தொகையும் ஆட்களின் எண்ணிக்கையும் மட்டும் இருந்திருந்தால் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்திருக்கும். 1996இல் பியாவர் நகரில் நடந்த 40 நாள் தர்ணாவும் அதன் பின் நாடு முழுதும் எழுந்த இயக்கமும் சேர்ந்து 2005 அக்டோபர் 12 அன்று மத்தியச் சட்டமாக நடைமுறைக்கு வந்தன.

இந்தியாவில் முதன்முதலாக இப்படியொரு சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான், 1997இல். ஆனால் விதிவிலக்குகளின் பட்டியல் உரிமையைவிட நீளமாக இருந்ததால் அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை.

இனி ஊர்க்காரர் எப்படிக் கேட்பது என்பதைப் பார்ப்போம். வெள்ளைத் தாள் போதும். 'பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம், பொதட்டூர்பேட்டை' என்று முகவரி எழுதினால் போதும், அதிகாரியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்த அலுவலரின் கடமை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். கெடு தாண்டினால் நகல் கட்டணம் வாங்காமல் இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது.

எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதியது. சட்டத்தின் 6(2) பிரிவு அதற்கு நேர்மாறாக இருப்பதைப் பலரும் சுட்டிக்காட்டியதும், சில நாட்களிலேயே அந்தப் பகுதியை நீதிபதிகளே நீக்கினார்கள். நீதிபதிகளுக்கே சறுக்குகிற இடம் என்பதால், அலுவலகத்தில் காரணம் கேட்டால் சண்டைக்குப் போகாமல் பிரிவு எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

மனு தோற்பதற்கு முக்கியக் காரணம் கேள்வி கேட்பது. 'எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?' என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் பதில் வரும். சட்டப்படி அது சரியும்கூட. அலுவலகத்தில் இருக்கும் தாளைத்தான் கேட்க முடியும். ஆகவே சாலையின் மதிப்பீடு, டெண்டர் அறிவிப்பு, பணி உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில் தொகை கொடுத்த நாள் ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். எத்தனை மீட்டர் போட்டதாக எம்-புக்கில் இருக்கிறதோ அதைத் தெருவில் டேப் வைத்து அளந்து பார்க்கலாம். போட்ட ஜல்லியின் மாதிரியைச் சான்றொப்பத்துடன் வாங்கக்கூடச் சட்டம் இடம் தருகிறது.

எல்லையோர ஊர் என்பதால் ஒரு கூடுதல் விஷயம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றும் பலருக்கு எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கம் நிலமோ உறவோ உண்டு. தகவல் கேட்பது குடிமக்கள் அனைவரின் உரிமை என்பதால் பொதட்டூர்பேட்டைக்காரர் ஆந்திர அலுவலகத்திலும் மனுப் போடலாம். அங்கே கிராம அளவில் கட்டணமே கிடையாது. மண்டல அலுவலகத்துக்கு ஐந்து ரூபாய். மனு மட்டும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் அதற்கு ஆளா கிடைக்காது!

பதில் வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரியிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறிய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் வரை போனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'கோப்பு காணவில்லை' என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். காணவில்லை என்பதைச் சட்டம் ஒரு விலக்காக ஏற்கவில்லை, தேடி விசாரித்துப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது.

பத்திரிகையாளருக்கு இந்தச் சட்டத்தில் தனிச் சலுகை எதுவும் இல்லை. அவரும் பத்து ரூபாய் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். நாளைய பதிப்புக்குச் செய்தி தர வேண்டிய ஊர் நிருபருக்கு அது கட்டுப்படியாகாது. தினம் முகம் பார்க்க வேண்டிய அலுவலகத்தில் தன் பெயரில் மனுப் போடவும் அவர் தயங்குவார். ஆனாலும் பெயர் வெளியே வந்தால் பத்திரிகை என்ன செய்யும் என்பதற்குத் தேர்தல் பத்திர விவகாரத்தைவிட நல்ல சான்று வேண்டாம். எந்தக் கட்சிக்குப் பத்திரம் மூலம் எவ்வளவு பணம் வந்தது என்பது ஆண்டுக் கணக்குகளில் முன்பே இருந்தது. கொடுத்தது யார் என்பதுதான் மறைக்கப்பட்டிருந்தது. வாக்காளரின் தகவல் உரிமையை மீறுகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே பெயர்கள் வந்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதும், அதில் 509 கோடி திமுகவுக்கு வந்ததும் தமிழ்நாட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதிய தரவுச் சட்டத்தின் 2018, 2019 வரைவுகளில் செய்திப் பணிக்கு விலக்கு இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. விதிமீறலுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பெரிய நாளிதழுக்கு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். மாவட்டப் பத்திரிகைக்கு யார் இருக்கிறார்கள்?

இத்தனைக்குப் பிறகும் இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன. மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின் பன்னிரண்டாவது கூறு சொல்கிறது, அது திருத்தப்படவில்லை. மறுப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) பிரிவும் அப்படியே நிற்கிறது. 'தரலாம்' என்பதால் அதிகாரி நழுவப் பார்ப்பார். எழுத்தில் கேட்டால், மறுப்பதற்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டிவரும். அந்தத் தாள் மேல்முறையீட்டுக்கு உதவும்.

ஆகவே இனிப் பயனாளிகள் பட்டியல் கேட்டு எழுதும் மனுவில் இந்த இரண்டு பிரிவு எண்களையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். ஆதார், வங்கி, கைபேசி எண்களை மறைத்துவிட்டு, பெயர், தெரு, பெற்ற தொகை மட்டும் போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.