நாம் எழுப்பும் அலைக்கு நாமே பொறுப்பு

நிலத்தில் செய்யும் பிழைக்கும் நீரில் செய்யும் பிழைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தில் தவறி விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான், ஓடிச்சென்று தூக்கிவிடலாம். நீரில் தவறியவனையோ நீர் மூடிக்கொள்ளும். மூடிய இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று நம் முன்னோர் எச்சரித்ததும் இதனால்தான். ஆயினும், விடுமுறை நாளில் உற்றார் உறவினரோடு படகேறிச் செல்வோருக்கு அந்த எச்சரிக்கை நினைவுக்கு வருவதில்லை. இன்பத்துக்காக ஏறிய படகு துன்பம் தருமென்று யார்தான் எண்ணுவார்?

ஆறு என்பது ஒரு பொதுவழி. அதில் ஒருவர் எப்படிச் செல்கிறார் என்பது மற்றவர் உயிரோடு நெருங்கிய தொடர்புடையது. இதை விளக்க ஓர் ஆற்றின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். இலண்டன் மாநகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதிதான் அது. சரக்கேற்றிய கப்பல்களும் பயணிகள் படகுகளும், விருந்தும் நடனமும் நடைபெறும் உல்லாசப் படகுகளும், துடுப்புப் போடும் இளைஞர்களின் ஒடுங்கிய ஓடங்களும், சீறிப்பாயும் விசைப்படகுகளும் அந்த ஒரே நீர்ப்பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடலின் ஏற்றவற்றம் நகருக்குள்ளும் எட்டுவதால், நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, நீரோட்டமும் வலிமையானது. இத்தகைய நதியில் மூன்று வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்த மூன்று துயரங்களைக் காண்போம்.

எண்ணப்படாத பயணிகள்

1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை. 'பிரின்சஸ் ஆலிஸ்' என்னும் நீராவிப் படகு, பகல் முழுதும் உல்லாசப் பயணம் சென்ற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இலண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஊலிச் நகருக்கு அருகே, எதிரே வந்த 'பைவெல் காசில்' என்னும் நிலக்கரிக் கப்பல் அதன்மீது மோதிற்று. சில நிமிடங்களில் படகு உடைந்து மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். நகரின் கழிவுநீர் சற்று முன்னர்தான் அவ்விடத்தில் ஆற்றில் திறந்துவிடப்பட்டிருந்தது.

மாண்டவர் தொகையை இன்றுவரை எவரும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஏனெனில், படகில் எத்தனை பேர் ஏறினர் என்ற பட்டியலே கிடையாது. தேடவேண்டியவர் எத்தனை பேர் என்று தெரியாமலேயே தேடினார்கள்.

பிறந்தநாள் இரவு

நூற்றுப் பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை. 1923-இல் கட்டப்பட்ட 'மார்ஷனஸ்' என்னும் சிறிய உல்லாசப் படகில் ஓர் இளைஞரின் பிறந்தநாள் விழா நடந்துகொண்டிருந்தது. சுமார் 130 பேர் அதில் இருந்தனர். அதே திசையில் பின்னால் வந்துகொண்டிருந்தது 'போபெல்' என்னும் மணல் அள்ளும் கப்பல். நீளம் ஏறத்தாழ 80 மீட்டர். மணி 1.46 அளவில், கானன் தெரு ரயில் பாலத்தின் அருகே, கப்பல் படகை இடித்து, சுழற்றி, அமிழ்த்திவிட்டது. அரை நிமிடத்தில் படகு நீருக்குள் போயிற்று. 51 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள்.

காரணம் என்ன? மணல் கப்பலின் சுக்கான் அறை பின்புறத்தில் இருந்தது. அங்கிருந்து பார்ப்பவருக்கு முன்னால் உள்ள நீர்ப்பரப்பு சரியாகத் தெரியாது. உல்லாசப் படகை ஓட்டியவருக்கோ பின்னால் வருவது சரியாகத் தெரியாது. இரண்டிலும் முறையான கண்காணிப்பு இல்லை. 2001-இல் வெளிவந்த நீதி விசாரணை அறிக்கையின் முடிவும் இதுவே. இதற்கு முன்பும் அந்த ஆற்றில் மணல் கப்பல்களுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் இடையே மோதல்கள் நிகழ்ந்ததுண்டு. எச்சரிக்கைகள் வந்தன, எவரும் செவிசாய்க்கவில்லை.

மணல் கப்பலின் தலைவர் அதற்கு முந்திய பிற்பகலில் ஆறு பைண்ட் பீர் அருந்தியிருந்தார் என்ற செய்தி பின்னர் வெளியாயிற்று. அதுவே விபத்துக்குக் காரணம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஆனால் வேறொன்று தெளிவாயிற்று. சாலையில் கார் ஓட்டுபவரின் குருதியில் எவ்வளவு மது இருக்கலாம் என்று வரையறுத்த நாட்டில், ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலை மக்கள் நிறைந்த நதியில் ஓட்டுபவருக்கு அத்தகைய அளவு எதுவும் வரையறுக்கப்படவில்லை!

இந்தக் குறை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்க்கப்பட்டது. தொழில்முறையில் கப்பலும் படகும் ஓட்டுவோருக்கு மது அளவு வரையறுக்கப்பட்டது. 2002 ஜனவரி முதல் தேம்ஸ் நதிக்கென்றே நான்கு உயிர்காப்புப் படகு நிலையங்களும் இயங்கத் தொடங்கின. அவற்றுள் வாட்டர்லூ பாலத்தருகே உள்ள நிலையம் பிரிட்டனிலேயே மிகுந்த பணி உள்ளதாக விளங்குகிறது. ஆற்றங்கரையில் உள்ள சதக் பேராலயத்தில் மாண்டவர்களின் நினைவுக் கல் இருக்கிறது. அந்தப் பெற்றோரும் உற்றாரும் ஓயாமல் போராடியிராவிட்டால் விசாரணையும் நடந்திராது, மாற்றங்களும் வந்திரா.

ஒரு குளிர்கால இரவு

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் இடைவெளி எஞ்சியது. சொந்த இன்பத்துக்காகத் தாமே படகு ஓட்டுவோரைப் பற்றிய பிரிவும் எழுதப்பட்டது. மற்றப் பிரிவுகளோடு சேர்த்து அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதன் விளைவு என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் நிகழ்ந்த மூன்றாம் துயரம் காட்டிற்று.

ஓர் இளைஞர் தம்மோடு உணவருந்திய இளம்பெண்ணை இரவில் தமது விசைப்படகில் அழைத்துச் சென்றார். உணவோடு மது அருந்தியிருந்தனர். படகிலும் ஷாம்பெயின் தொடர்ந்தது. அப்பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகம் 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். படகோ அதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்தது. வேகத்துக்காக அவரைப் போலீசார் முன்பே எச்சரித்திருந்தனர். உயிர்காப்பு அங்கிகள் படகில் இருந்தன, ஆனால் அணியப்படவில்லை. பழக்கமில்லாத அந்தப் பெண்ணின் கையில் சுக்கானும் கொடுக்கப்பட்டது. வாண்ட்ஸ்வொர்த் பாலத்தருகே படகு கவிழ்ந்தது. குளிர்ந்த நீரில் விழுந்த அப்பெண் உயிர் பிழைக்கவில்லை. படகுக்குரியவர் கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று 2018-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இன்பப் படகுகளையும் ஜெட் ஸ்கீ போன்றவற்றையும் ஆபத்தாக ஓட்டுவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்க வழிசெய்யும் ஆணை 2023-இல் வந்தது. உயிர் போனபின் சட்டம் வருவது உலக வழக்கமாகவே ஆகிவிட்டது!

மது நீரில் செய்யும் கேடு

மது நிலத்தில் செய்யும் கேட்டை நாம் அறிவோம். நீரில் அது செய்யும் கேடு அதனினும் பெரிது. வெயிலும் காற்றும் எஞ்சின் இரைச்சலும் ஓயாத குலுக்கலும் உடலைத் தாமாகவே சோர்வடையச் செய்கின்றன. அதன்மேல் மதுவும் சேர்ந்தால், கண் மங்குகிறது, நிலை தடுமாறுகிறது, முடிவெடுக்கும் வேகம் குறைகிறது. ஆனால் துணிவு மட்டும் பெருகுகிறது! கார் ஓட்டுபவரின் அருகில் குடித்தவர் உட்கார்ந்திருந்தால் அவர் உறங்கிவிடலாம். படகில் அப்படியன்று. எழுந்து தள்ளாடும் ஒருவரால் சிறு படகே சாயும். ஓரத்தில் நிற்பவர் தவறி விழுவார். எனவே ஓட்டுபவர் குடிக்காவிட்டால் போதும் என்ற வாதம் நீரில் செல்லாது.

குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவர் தம்மை அறியாமல் மூச்சை உள்ளிழுப்பார். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் நீரே உள்ளே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிடத்திலேயே மூழ்குவது இதனால்தான். மது தோலின் அருகே குருதியோட்டத்தைக் கூட்டி உடலின் வெப்பத்தையும் விரைவில் வெளியேற்றிவிடும். குடித்தால் குளிர் தாங்கலாம் என்ற எண்ணம் வெறும் மயக்கமே.

இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. ஆறுகளிலும் ஏரிகளிலும் இன்பப் படகுகள் மிகுந்த அமெரிக்காவில், 2023-ஆம் ஆண்டில் மட்டும் படகு விபத்துகளில் 564 பேர் மாண்டனர் என்று அந்நாட்டுக் கடலோரக் காவற்படை கணக்கிட்டது. மரணத்தின் தன்மை தெரிந்தவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் உயிர்காப்பு அங்கி அணியாதவர்கள். உயிரிழப்புள்ள விபத்துகளுக்குக் காரணமாகத் தெரியவந்தவற்றுள் முதலிடம் மதுவுக்கே.

கடந்துசென்ற பின் எழும் அலை

வேகமாகச் செல்லும் படகு தன்னை மட்டும் ஆபத்துக்கு உள்ளாக்குவதில்லை. அது தன் பின்னே ஓர் அலையை விட்டுச் செல்கிறது. மெதுவாகச் செல்லும் படகின் அலை சிறியது. வேகம் கூடக்கூட, முகப்பு உயர்ந்து பின்புறம் நீரில் அழுந்தும் நிலை வரும். அப்போதுதான் மிகப் பெரிய அலை எழுகிறது. ஆகவே முழு வேகத்தைச் சற்றே குறைத்தால் போதாது. அலை அடங்கும் அளவுக்குக் குறைக்கவேண்டும். இலண்டனில் ஆற்றின் இரு கரையிலும் செங்குத்தான கல்மதில்கள் உள்ளன. மணற்கரை அலையை உள்வாங்கித் தணிக்கும். கல்மதில் அதைத் திருப்பி அடிக்கும். போன அலையும் திரும்பிய அலையும் மோதும்போது சிறு ஓடங்கள் தத்தளிக்கின்றன.

துடுப்புப் படகின் விளிம்பு நீருக்குச் சற்றே மேலே இருக்கிறது. ஓர் அலையே அதை நிரப்பப் போதும். கரையில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. படகிலிருந்து படித்துறைக்குக் கால் வைக்கும் முதியவர் தடுமாறுகிறார். ஆனால் அலையை எழுப்பியவரோ அதற்குள் ஆற்றின் வளைவைக் கடந்து போயிருப்பார். தாம் செய்ததை அவர் பார்ப்பதே இல்லை. பாராததால் தாம் எதுவும் செய்யவில்லை என்றே நம்புவார்.

குடி குடியைக் கெடுக்கும் என்பது நம் பழமொழி. ஆற்றிலோ அது முன்பின் அறியாத பிறர் குடியையும் கெடுத்துவிடும்.

நமக்குரிய பாடம்

நம் குடும்பங்களும் விடுமுறையில் படகேறுகின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் பலர். கரையோரம் வந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது. அங்கே மதுவும் இல்லை, பெரிய அலையும் இல்லை. மேல்தட்டில் சேர்ந்த பாரமே போதுமானதாயிற்று. அப்படியானால், மதுவும் வேகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே குடும்பத் தலைவர்களும் தலைவியரும் சில முடிவுகளைக் கரையிலேயே எடுத்துக்கொள்வது நலம். படகின் கொள்ளளவு எத்தனை பேர் என்று கேளுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட் எனப்படும் உயிர்காப்பு அங்கியைக் குழந்தைக்கு அணிவித்து, நீங்களும் அணிந்து, பட்டைகளை இறுக்குங்கள். இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கி ஒருவரையும் காப்பதில்லை. மது அருந்திய ஒருவர் ஓட்டும் படகில், அவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், ஏற மறுத்துவிடுங்கள். "ஒரு நாள்தானே" என்பார்கள். இரக்கப்பட்டு இணங்காதீர்கள். படகில் ஒரே பக்கமாகத் திரளாதீர்கள். நீங்களே ஓட்ட நேர்ந்தால், சிறு ஓடத்தைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். எதிர்வரும் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் படகின் முகப்பைச் சற்றுச் சாய்வாக அதை நோக்கித் திருப்புங்கள். தவறி நீரில் விழுந்தால் உடனே நீந்த முயலவேண்டாம்; தலையைப் பின்னே சாய்த்து, கைகால்களை விரித்து, மூச்சு சீராகும்வரை மிதந்திருங்கள்.

இவை எவையும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. எண்ணிப் பார்ப்பது, அணிந்துகொள்வது, மறுத்துச் சொல்வது, மெதுவாகப் போவது, அவ்வளவே. தேம்ஸ் நதியின் மூன்று துயரங்களிலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்திராது.

படகு கடந்து போய்விடும்; அது எழுப்பிய அலை பிறகுதான் கரையைத் தொடும். அங்கே யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒருவருக்காக வேகத்தைக் குறைப்பவரே நீரில் செல்லத் தகுதி உடையவர்.