தந்தியும் குழலும்

சாலைக் கடைவீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திர வியாபாரம் செய்பவன் நான். இசையை முறையாகக் கற்றவனல்லன். கடை மூடியபின் படித்ததும் கேட்டதுமே என் முதல்.

சில மாதங்களுக்கு முன், திருவனந்தபுரத்தில் ஒரு சிறு கூடத்தில் மேல்நாட்டுக் கச்சேரி ஒன்று கேட்டேன். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ, ஒரு கிளாரினெட். ஆக ஐந்தே பேர். மைக் இல்லை; முன்னால் நின்று கோலசைப்பவரும் இல்லை. இதைத்தான் 'சேம்பர் மியூசிக்' என்கிறார்கள். வீட்டுக் கூடத்திற்கென்று பிறந்த இசை. ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே வாசிப்பதால், தவறினால் மறைந்துகொள்ள இடமில்லை. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் கைதட்டுவதில்லை. நம் நவராத்திரி மண்டபத்தில் கைதட்டாமல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சிரமமே அல்ல.

அன்று வாசித்தது பிராம்ஸ் 1891-இல் எழுதிய கிளாரினெட் ஐவரிசை. அதற்கு முந்திய ஆண்டே அவர், இனி எழுதுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். வயது 57. மைனிங்கன் நகரில் முல்ஃபெல்ட் என்பவரின் கிளாரினெட்டைக் கேட்டதும் தீர்மானம் கரைந்தது. அந்த முல்ஃபெல்ட் அரசவை இசைக்குழுவுக்கு வயலின் வாசிக்க வந்தவர். கிளாரினெட்டைத் தாமே பழகிக்கொண்டவர்! எழுதாமலே போயிருக்க வேண்டியவருக்கு அவரால் நான்கு படைப்புகள் வந்தன. இந்த ஐவரிசையில் முதலில் இரண்டு வயலின்கள் பேசுகின்றன. கிளாரினெட் தாழ்ந்த சுரத்திலிருந்து மெல்ல ஏறி வந்து சேர்ந்துகொள்கிறது. கடைசியில் தொடக்க இசையே திரும்பி வந்து முடிகிறது. எனக்கு ஊருக்குப் போய்த் திரும்பியது போலிருந்தது.

கிளாரினெட் 1700 வாக்கில் ஜெர்மனியில் உருவான கருவி. நம் நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை நாக்கு. இதற்கு ஒற்றை நாணல் நாக்கு. நாகஸ்வரக் குழல் கீழே போகப் போக விரியும். இதன் துளை பெரும்பாலும் ஒரே அளவு. அதனால்தான் தன் நீளத்துக்கு மீறிய தாழ்ந்த சுரம் இதற்கு வாய்க்கிறது.

குழலும் தந்தியும் கூடுவது நமக்குப் புதிதா? குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை என்று சிலம்பின் அரங்கேற்று காதை வரிசை சொல்கிறது. வயலினை நாம் எடுத்துக்கொண்ட கதையில் இந்த ஊருக்கே பங்குண்டு. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு இங்கே வந்து சுவாதித் திருநாள் அவையில் வயலின் வாசித்தார். மன்னர் 1834-இல் அவருக்குத் தந்த வயலின் யானைத் தந்தத்தால் ஆனது. அவரும் நம்மைப்போல் பிழைக்க வந்த தமிழர்தானே! கிளாரினெட்டோ, சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்தில் நுழைந்தது. சாவி வைத்த குழலில் கமகம் பிடிப்பது எளிதல்ல. அதைச் சாதித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜன் 2008-இல் சங்கீத கலாநிதி ஆனார். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதையெல்லாம் நான் படித்தது பிந்தி. என் மகன் பத்து வயதில் கிளாரினெட் வேண்டும் என்று கேட்டான். "பேண்டு செட்டுக்காரன் ஊதுறது நமக்கெதுக்குடா?" என்று மறுத்துவிட்டேன். அவன் மறுபடி கேட்கவே இல்லை. இப்போது அயல்நாட்டில் இருக்கிறான். கச்சேரி முடிந்த இரவு போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அன்னிக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம்ப்பா" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: எது நம்முடையது, எது அந்நியம் என்று நாம் அவசரப்பட்டுக் கணக்கு முடித்துவிடுகிறோம். வடிவேலு அப்படி முடித்திருந்தால் இன்று நம் மேடையில் வயலின் ஏது? பிள்ளை கேட்கும் கருவியை முதலில் வாங்கிக் கொடுங்கள். யாருடையது என்ற கேள்வியை அது வாசித்தே தீர்த்துக்கொள்ளும்.