ஊரையே உட்கார வைத்த கத்திச்சண்டை நாடகம்! நாயகிக்கு 26 வயதில் வந்த முடிவு

1985-ம் ஆண்டு மே மாதம் 14-ந்தேதி. ஆங்காங் நகரின் கவுலூன் டாங் பகுதியில் ஒரு வீடு. வீடு முழுக்க எரிவாயு நெடி. உள்ளே ஓர் இளம்பெண் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தார். எரிவாயு மூச்சை அடைத்து உயிர் போய்விட்டது.

இறந்தவர் பெயர் பார்பரா யங். டி.வி. நடிகை. 26 வயது பிறந்து சரியாக ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

செய்தி பரவியதும் ஊரே கலங்கிப் போனது. ஜனங்களுக்கு அவர் பார்பரா யங் அல்ல, ‘ஹுவாங் ரோங்’. இரண்டு வருஷத்துக்கு முன் தங்கள் வீட்டு டி.வி. பெட்டியில் குறும்பும் துடுக்குமாக வந்து போன கதாநாயகி. இறுதிச் சடங்குக்கு ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தது போல அழுதார்கள்.

ஒரே ஒரு நாடகத்தில் ஒரு பெண் இப்படி மனசில் இடம் பிடிக்க முடியுமா? முடிந்தது. அந்த நாடகத்தின் கதை இது.

கதை என்ன?

நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கழுகை எய்த வீரர்கள்’. ஆங்காங்கின் டி.வி.பி. நிலையம் 1983-ல் ஒளிபரப்பியது. மூன்று பாகம், மொத்தம் 59 வாரிசைகளாக, அதாவது 59 பகுதிகளாக ஓடியது.

கதை நடப்பது 800 வருஷத்துக்கு முன். சீனாவின் தெற்கே சோங் ராஜ்யம். வடக்கே ஜின் ராஜ்யம். அதற்கும் அப்பால் மங்கோலியாவில் செங்கிஸ்கான் தலையெடுக்கிறான்.

தெற்கே ஒரு கிராமத்தில் இரண்டு நண்பர்கள். இருவர் மனைவியரும் கர்ப்பம். அந்த நேரம் பார்த்து ஒரு படை வந்து குடும்பங்களைச் சிதறடிக்கிறது. ஒருத்தி மங்கோலியாவுக்குத் தப்பி ஓடி மகன் பெறுகிறாள். இன்னொருத்தி ஜின் இளவரசன் அரண்மனையில் போய்ச் சேருகிறாள். அவளுக்கும் ஒரு மகன்.

குழந்தைகள் பிறக்கும் முன்பே ஒரு சாமியார் பெயர் வைத்து விட்டார். ஒருவன் ஜிங். மற்றவன் காங். இரண்டையும் சேர்த்தால் ‘ஜிங்காங்’. 1127-ல் ஜின் படை சோங் தலைநகரைப் பிடித்து, இரண்டு ராஜாக்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அவமானத்துக்கு சரித்திரத்தில் அதுதான் பெயர். பிள்ளைகள் அதை மறக்கக் கூடாது என்பது சாமியாரின் எண்ணம்.

பாலைவனத்தில் ஆடு மேய்த்து வளர்ந்த ஜிங் மந்தபுத்தி. ஆனால் நேர்மையானவன். அரண்மனையில் வளர்ந்த காங் கெட்டிக்காரன். தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்று தெரிந்த பிறகும் அரண்மனைச் சுகத்தை விட அவனுக்கு மனசு வரவில்லை. ரத்தம் ஒரு பக்கம், வளர்ப்பு ஒரு பக்கம். இதில் மனிதன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதுதான் கதையின் உயிர்நாடி. கத்திச்சண்டை எல்லாம் அதற்கு மேல் பூச்சு.

கடைசியில் ஜிங்குக்கும் சோதனை வருகிறது. தன்னை வளர்த்து ஆளாக்கிய செங்கிஸ்கானே, ‘உன் தாய்நாட்டின் மேல் படை எடு’ என்கிறான். ஜிங் மறுக்கிறான். கட்டி இழுத்து வருகிறார்கள். தாய் மகனின் கட்டை அறுத்து விட்டு, அந்த இடத்திலேயே தன் உயிரை விடுகிறாள்.

பிச்சைக்கார வேஷம்

இந்த மந்தபுத்திக்காரனுக்குத் துணையாக வருகிறவள்தான் ஹுவாங் ரோங். முதலில் அழுக்குப் பிச்சைக்காரப் பையன் வேஷத்தில் வருகிறாள். ஜிங் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, போர்த்தியிருந்த அங்கியையும் கழற்றிக் கொடுக்கிறான். அதிலேயே அவள் மனசு கரைந்து விடுகிறது.

சண்டையை விட இவள் சமையல்தான் பெரிய ஆயுதம். பிச்சைக்காரர் கூட்டத்தின் தலைவர் ஒருவர். மகா வீரர், ஆனால் சாப்பாட்டு ராமன். அவருக்கு வகை வகையாகச் சமைத்துப் போட்டே, ஜிங்குக்குப் பெரிய வித்தையைக் கற்றுக் கொடுக்க வைக்கிறாள்.

ஜிங் வேஷத்தில் பெலிக்ஸ் வோங் நடித்தார். காங் வேஷம் மைக்கேல் மியுவுக்கு. ஹுவாங் ரோங் வேஷம் போட்டவர் பார்பரா. பள்ளிப் பருவத்திலேயே இங்கிலாந்து போய் அங்கே படித்தவர். 1982-ல் ‘மிஸ் ஆங்காங்’ அழகிப் போட்டியில் கலந்துகொண்டார். கிரீடம் கிடைக்கவில்லை. டி.வி.யில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே இந்த வேஷம். ஒரே தூக்கில் உச்சிக்குப் போனார்.

இதே நாடகத்தில் கூட்டத்தோடு கூட்டமாகத் துண்டு வேஷத்தில் வந்து போன ஒரு பையன் உண்டு. பெயர் ஸ்டீபன் சோ. பின்னாளில் ‘ஷாவோலின் சாக்கர்’, ‘குங்பூ ஹசில்’ படங்களை எடுத்து உலகத்தையே சிரிக்க வைத்தவர் அவர்தான்.

மாலைப் பத்திரிகையில் பிறந்தது

இந்த வகைக் கதைகளுக்கு ஆங்காங்கில் புது வாழ்வு கொடுத்தது ஒரு மாலைப் பத்திரிகை என்பது நம் வாசகர்களுக்கு சுவாரசியமாக இருக்கும்.

1954 ஜனவரியில் மக்காவ் நகரில் இரண்டு வாத்தியார்களுக்கு இடையே மேடை போட்டு நிஜச் சண்டை நடந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. ஆங்காங்கின் ‘புதிய மாலைச் செய்தி’ பத்திரிகை சும்மா இருக்குமா? சண்டை சூடு ஆறும் முன்பே தங்கள் ஊழியர் ஒருவரைப் பிடித்து வீரர் தொடர்கதை எழுத வைத்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. மறு வருஷம் இன்னொரு ஊழியரையும் எழுதச் சொன்னார்கள். அவர்தான் லூயிஸ் சா. புனைப்பெயர் ஜின் யோங்.

‘கழுகை எய்த வீரர்கள்’ அவர் 1957 முதல் 1959 வரை வேறொரு தினசரியில் நாள்தோறும் எழுதிய தொடர்கதை. வேலைக்குப் போகிறவர்களும் கடைக்காரர்களும் தினம் ஒரு துண்டாகப் படித்த கதை அது. 1959-ல் ஜின் யோங் ‘மிங் பாவ்’ என்ற சொந்தப் பத்திரிகையே தொடங்கி விட்டார். 2018-ல் 94-வது வயதில் காலமானார்.

தலைப்புக்கே சங்கடம்

கதைக்கு வந்த வம்பும் கொஞ்சம் அல்ல. மாசேதுங் எழுதிய ஒரு கவிதையில் செங்கிஸ்கானைப் பற்றிச் சொல்லும்போது, கழுகை எய்யும் பேச்சு வருகிறது. அது போதாதா? மாவோவின் எதிரிகள் ஆண்ட தைவானில் இந்தப் புத்தகத்துக்குத் தடை. பிறகு அங்கே வெளிவந்தபோதும் ‘பாலைவன வீரர்கள்’ என்று பெயரை மாற்றித்தான் விற்றார்கள். சரி, மாவோவின் சீனாவிலாவது விட்டார்களா? அங்கேயும் அந்த நாளில் இந்தக் கதைகளுக்கு இடம் இல்லை.

பிறகு காலம் மாறியது. 1980-களில் சீனாவுக்குள்ளும் இந்த டி.வி. நாடகம் நுழைந்தது. ஆங்காங் போலவே அங்கும் ஜனங்கள் பெட்டி முன்னால் உட்கார்ந்து விட்டார்கள். ஆனால் அங்கே பல ஊர்களில் ஹுவாங் ரோங் திரையில் துள்ளிக் குதித்தபோது, அந்தப் பெண் உயிரோடு இல்லை. லட்சக்கணக்கான பேர் இறந்து போனவரைப் பார்த்துத்தான் மனசைப் பறிகொடுத்தார்கள்.

ஆளுக்கு ஆள் யூகம்

பார்பரா ஏன் இப்படிப் போனார் என்று ஆளுக்கு ஆள் யூகம் கிளப்பினார்கள். காதல் என்றார்கள். வேலைப் பளு என்றார்கள். போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிரபலமானவர் செத்தால் காரணம் சொல்ல நூறு பேர் வருவார்கள். உயிரோடு இருந்தபோது, ‘என்னம்மா, சாப்பிட்டியா, தூங்கினியா?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த யூகங்களை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு இதே கதையை 1994, 2003, 2008, 2017 என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். காசு கூட, ஜோடனை கூட, சண்டைக் காட்சியும் பிரமாதம். ஆனாலும் புதுசாக எந்தப் பெண் ஹுவாங் ரோங் வேஷம் போட்டாலும், 1983-ல் பார்த்தவர்கள் கேட்பது ஒன்றுதான். ‘பார்பரா மாதிரி வருமா?’

பார்பராவின் கல்லறை இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது. ரசிகர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள்.