பல்கலைக்கழகக் கணினி அறிவியல் ஆய்வகங்களுக்குத் தேவைக்கேற்ப வடிவமைத்த கணினிகளை வழங்குதல்: விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி அறிவியல் ஆய்வகத்திற்கான கணினிகள் பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளி முறையில் வாங்கப்படுகின்றன. இம்முறையில் குறைந்த விலையே இறுதித் தீர்ப்பாக அமைவதால், வாங்கப்படும் கருவியின் தரத்தை முடிவுசெய்வது விவரக்குறிப்பே ஆகும். அவ்விவரக்குறிப்பு பாடத்திட்டத்தின் செய்முறைப் பயிற்சிகளிலிருந்து உருவாக வேண்டும் என்பதையும், பெருநகரச் சந்தையிலிருந்து தொலைவிலுள்ள கல்லூரிகளுக்குப் பராமரிப்பும் அதன் பகுதியாக வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கணினி ஆய்வகம், விவரக்குறிப்பு, ஒப்பந்தப்புள்ளி, வரைகலைச் செயலி, பராமரிப்பு, விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இயங்குகின்றன. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி ஆகியவை இவ்வூர்களின் மூத்த உயர்கல்வி நிறுவனங்களாகும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பேருந்திலும் இரயிலிலும் வந்து பயிலும் மாணவர்களே இத்தகைய கல்லூரிகளின் அடித்தளம்.

2017-18இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, இந்திய ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடமும் நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 விழுக்காட்டினரிடமும் மட்டுமே கணினி இருந்ததாகக் காட்டியது. வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு ஆய்வகத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரமே பயிற்சிக் காலம். அந்நேரத்தில் கருவி பழுதுபட்டாலோ, பாடத்திற்குப் போதாததாக இருந்தாலோ, அவ்விழப்பை அவர் வேறெங்கும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே ஆய்வகக் கணினியின் தேர்வை அலுவலக நடைமுறையாக மட்டும் கருதாமல், கல்வி வாய்ப்பு சார்ந்த வினாவாகவும் கருதுதல் வேண்டும்.

1. பாடத்திட்டமே முதல் அளவுகோல்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதற்பருவத்தில் பைத்தான் நிரலாக்க ஆய்வகம் இடம்பெறுகிறது. இதற்கு 8 ஜி.பி. நினைவகமுடைய எளிய கணினியே போதும். சி, ஜாவா, தரவுத்தளம் ஆகியவற்றின் தொடக்கநிலைப் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும்.

மேற்பருவங்களில் நிலைமை மாறுகிறது. மேகக் கணிமைப் பயிற்சியில் ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்க வேண்டியுள்ளது. முதன்மை இயங்குதளத்திற்கு 4 ஜி.பி.யும், மூன்று மெய்நிகர் கணினிகளுக்குத் தலா 3 ஜி.பி.யும் ஒதுக்கினால் 13 ஜி.பி. தேவைப்படும். 8 ஜி.பி. கணினியில் இப்பயிற்சியைச் செய்துகாட்டலாமேயன்றி, மாணவர் தாமே செய்து பழக இயலாது. ஆழ்கற்றல் பயிற்சிக்கோ நினைவகத்தோடு ஜி.பி.யு. எனப்படும் வரைகலைச் செயலியும் வேண்டும்.

எனவே விவரக்குறிப்பு எழுதுவதற்குமுன், ஒவ்வோர் ஆய்வகத் தாளின் மிகக் கடினமான பயிற்சி எது, அதற்கு எவ்வளவு நினைவகம், எத்தனை செயலிக் கருக்கள், எவ்வளவு சேமிப்பிடம் தேவை என அட்டவணையிடுதல் முதற்படியாகும். அவ்வட்டவணையிலிருந்து இரண்டு அல்லது மூன்று வகைக் கணினிகள் தாமாகவே உருப்பெறும். எல்லா ஆய்வகத்திற்கும் ஒரே வகைக் கணினியை வாங்கும் வழக்கம், ஓரிடத்தில் மிகையையும் மற்றோரிடத்தில் பற்றாக்குறையையும் உண்டாக்குகிறது.

2. விவரக்குறிப்பில் மறையும் வேறுபாடுகள்

'ஐ5 செயலி, 8 ஜி.பி. நினைவகம், 500 ஜி.பி. வட்டு' என்பது போன்ற குறிப்பு தெளிவானதாகத் தோன்றினும் உண்மையில் எதையும் உறுதிசெய்வதில்லை. 2017இல் வெளிவந்த ஐ5-7400 செயலி நான்கு கருக்களும் நான்கு இழைகளும் உடையது. 2022இல் வெளிவந்த ஐ3-12100 செயலி நான்கு கருக்களும் எட்டு இழைகளும் உடையது. பெயரளவில் தாழ்ந்ததாகத் தோன்றும் பின்னதே செயல்திறனில் மேம்பட்டது. எனவே செயலியின் தலைமுறை, கருக்கள், இழைகள் ஆகியவற்றைக் குறிப்பிடாமல் வரிசைப் பெயரை மட்டும் எழுதுதல் பயனற்றது.

வட்டு என்று மட்டும் எழுதினால் சுழலும் வன்தட்டும் அதற்குள் அடங்கும், எஸ்.எஸ்.டி. என்று எழுதினாலும், சாட்டா வகையா என்.வி.எம்.இ. வகையா என்பது தனியே சொல்லப்பட வேண்டும். தாய்ப்பலகையில் நினைவகத்திற்கு இரண்டு செருகிடங்கள் இருக்க வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று காலியாக விடப்பட வேண்டும் என்றும் எழுதினால், பின்னாளில் பாடத்திட்டம் மாறும்போது கணினியை மாற்றாமல் நினைவகத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

விவரக்குறிப்புகளில் எளிதில் விடுபட்டுப்போகும் உறுப்பு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியாகும். விலையைக் குறைக்க முனையும் வழங்குநர் முதலில் கைவைக்கும் இடமும் அதுவே. அறிவிக்கப்பட்ட வாட் அளவைத் தாங்காத மின்வழங்கி, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தின்போது தாய்ப்பலகையையும் உடன் பழுதாக்கக்கூடும். '80 பிளஸ்' சான்று பெற்ற மின்வழங்கி என்னும் ஒரு தொடர் இவ்விடரைக் குறைக்க உதவக்கூடும்.

3. வரைகலைச் செயலி: தனித்தனியாகவா, பொதுவாகவா?

செயற்கை நுண்ணறிவுப் பாடங்கள் பெருகியதையொட்டி ஒவ்வொரு கணினியிலும் வரைகலை அட்டை பொருத்த வேண்டும் என்னும் கருத்து எழுகிறது. ஆர்.டி.எக்ஸ் 4060 அட்டையின் மின்நுகர்வு அளவு 115 வாட். 60 கணினிகளில் பொருத்தினால், அவை முழுத்திறனில் இயங்கும்போது 6.9 கிலோவாட் கூடுதலாகத் தேவைப்படும். அம்மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள் வெளிப்படுமாதலால், ஏறத்தாழ இரண்டு டன் குளிரூட்டும் திறனும் கூடுதலாக வேண்டும். கோடை வெம்மை மிகுந்த விழுப்புரத்தில் இது புறக்கணிக்கத்தக்க செலவன்று, யு.பி.எஸ். மின்கலங்களின் அளவையும் இது உயர்த்தும்.

மாற்றாக, அதிக நினைவகமுடைய சில வரைகலை அட்டைகளைக் கொண்ட ஒரு சேவையகத்தை நிறுவி, ஜூபிடர்ஹப் போன்ற கட்டற்ற மென்பொருள்வழி உலாவியிலிருந்தே மாணவர்கள் அதனைப் பகிர்ந்து பயன்படுத்தச் செய்யலாம். வகுப்பறைப் பயிற்சியில் மாணவர் நிரலை எழுதித் திருத்தும் நேரமே மிகுதி. வரைகலைச் செயலி உழைக்கும் நேரம் குறைவு. எனவே பகிர்வு முறை இங்குப் பொருந்துகிறது. ஆனால் ஆய்வகத்தின் உள்வலையமைப்பு குறைந்தது ஒரு கிகாபிட் வேகமுடையதாகவும், சேவையகத்தைக் கவனிக்கத் தெரிந்த பணியாளர் ஒருவர் இருப்பதாகவும் அமைதல் இன்றியமையாதது.

4. ஒப்பந்தப்புள்ளி நடைமுறை

தமிழ்நாட்டு அரசுத்துறைகளின் கொள்முதலைத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன்கீழ் அமைந்த 2000ஆம் ஆண்டு விதிகள் ஆகியவை நெறிப்படுத்துகின்றன. இருஉறை முறையில் தொழில்நுட்ப உறை முதலில் திறக்கப்படும். அதில் தகுதிபெற்றோரின் விலை உறை மட்டுமே பின்னர்த் திறக்கப்படும். அவ்வாறு தகுதிபெற்றபின் குறைந்த விலையே வெல்லும். இதனைச் சட்டத்தின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. விவரக்குறிப்பில் எழுதப்படாத தரத்தை மதிப்பீட்டுக்குழு பின்னர்க் கோர இயலாது என்பதே இங்கு உணரத்தக்கது. மாதிரிக் கணினி ஒன்றைத் தொழில்நுட்ப மதிப்பீட்டின்போதே பெற்று, துறை ஆசிரியர்கள் தம் ஆய்வகப் பயிற்சிகளை அதில் இயக்கிப் பார்க்கும் நிபந்தனை பயன்தரும்.

கட்டாயப் பதிவுக்குரிய மின்னணுப் பொருள்களை 2012ஆம் ஆண்டு ஆணை வரையறுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவை வேண்டும் அப்பட்டியலில் கணினிகளும் அடங்குவதால், உறுப்புகளைச் சேர்த்துக் கணினி உருவாக்கித் தரும் நிறுவனங்களிடமும் அதற்குரிய சான்று கேட்கப்படுதல் வேண்டும்.

5. தொலைவும் பராமரிப்பும்

கணினி உறுப்புகளின் பெருஞ்சந்தையான சென்னை ரிச்சி தெருவிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 125 கிலோமீட்டரிலும் விழுப்புரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டரிலும் உள்ளன. சென்னையில் ஒரே நாளில் நீங்கும் பழுது இங்கு ஒரு வாரம் நீடிக்கலாம். 30 கணினிகள் உள்ள ஆய்வகத்தில் 6 பழுதுற்றால், ஐந்தில் ஒரு பகுதி மாணவர் பிறர் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

தேவைக்கேற்ப வடிவமைத்த கணினியின் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. பெருநிறுவனக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்நிறுவனத்திற்கே உரிய வடிவில் அமைந்திருப்பதால், உத்தரவாதம் முடிந்தபின் மாற்றுறுப்புக் கிடைப்பது அரிது. ஏ.டி.எக்ஸ். போன்ற பொதுத்தர வடிவில் அமைந்த கணினிக்கு எந்தக் கடையிலும் உறுப்புக் கிடைக்கும். மறுபுறம், பெருநிறுவனம் முழுக் கணினிக்கும் ஒரே உத்தரவாதம் தருகிறது. சேர்த்து உருவாக்கிய கணினியிலோ ஒவ்வோர் உறுப்புக்கும் உற்பத்தியாளரும் காலமும் வேறுபடும். ஆகவே முழுக் கணினிக்கும் வழங்குநரே பொறுப்பேற்றல், பழுதைக் கல்லூரிக்கே வந்து நீக்குதல், அதற்கான காலவரம்பு, தவறினால் தண்டத்தொகை, மாற்றுறுப்புகளில் ஒரு தொகுதியைக் கல்லூரியிலேயே இருப்பு வைத்தல் ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

6. மென்பொருளும் ஆயுட்காலமும்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு நிறைவுற்றது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியையும் இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதையும் வேண்டுகிறது. இதனால் நன்கு இயங்கும் பழைய கணினிகளும் கழிக்கப்படும் நிலை தோன்றியுள்ளது. அவற்றில் உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவித் தொடக்கநிலை ஆய்வகங்களுக்குப் பயன்படுத்தலாம். உண்மையில் கழிக்கப்படுபவை, 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும்.

முடிவுரை

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. மாணவர் கையில் கணினி சேரச்சேர, அடிப்படை நிரலாக்கம் ஆய்வகத்திற்கு வெளியே நகரும்; மெய்நிகர் கணினிகள், வலையமைப்பு, வரைகலைச் சேவையகம் ஆகிய தனியொருவர் வாங்கவியலாத வசதிகளே ஆய்வகத்தின் பணியாக எஞ்சும். இம்மாற்றத்தைக் கருத்திற்கொண்டு அடுத்த விவரக்குறிப்பை எழுத வேண்டியவர்கள் அப்பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களே. அவர்கள் எழுதாதவிடத்து, முந்தைய ஒப்பந்தப்புள்ளியின் படியே மீண்டும் வெளியாகும். அதன் விளைவை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆய்வகத்தையே நம்பியுள்ள மாணவர்கள் அடுத்த ஐந்தாண்டுக்குச் சுமக்க நேரும்.