பாய்மரக் கப்பல் மாதிரி செய்தல்: தொடக்க நிலை

பாய்மரக் கப்பல் மாதிரி என்பது, காற்றின் விசையால் ஓடிய ஒரு கப்பலைக் குறிப்பிட்ட அளவு விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்படும் உருவம் ஆகும். பொம்மைக் கப்பலுக்கும் மாதிரிக் கப்பலுக்கும் உள்ள வேறுபாடு அளவே. பொம்மையில் பாய்மரம் எவ்வளவு உயரமாகவும் இருக்கலாம். மாதிரியில் ஒரு பலகையின் அகலமும் ஒரு கயிற்றின் பருமனும்கூட மூலக் கப்பலின் அளவுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே இக்கலையைக் கற்கத் தொடங்குபவர் முதலில் எடுக்க வேண்டிய கருவி உளி அன்று, அளவுகோல்.

அளவின் முக்கியத்துவம்

தமிழகக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் தோணி கட்டிய ஓடாவிகள் பெரும்பாலும் காகித வரைபடம் இன்றியே வேலை செய்தனர். கண்மதிப்பும், கயிற்றளவும், தந்தையிடம் கற்ற விகிதங்களுமே அவர்களுக்கு வரைபடமாக இருந்தன. 'கப்பல் சாத்திரம்' போன்ற பழைய நூல்கள் அளவுக் கணக்கையும் சோதிடப் பலனையும் செய்யுளில் கூறுகின்றன. ஆனால் கப்பல் உடலின் வளைவை அவை வரைந்து காட்டுவதில்லை. கட்டியவர் மறைந்து கப்பலும் அழிந்தால் அதன் வடிவமும் அதனுடன் போய்விடும்.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான பிரான்சுவா எத்மோன் பாரி இதனை உணர்ந்தவர். அவர் தம் கடற்பயணங்களில் இந்தியக் கரைகள் உள்ளிட்ட பல நாட்டுப் படகுகளை நேரில் அளந்து வரைந்து, 1840களில் நூலாக வெளியிட்டார். 1871 முதல் பாரிசு லூவரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்றபோது, அந்த வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளையும் செய்வித்தார். மறைந்துபோன படகு வகைகள் பலவற்றை இன்று அறிய முடிவதற்கு அந்த அளவுகள் உதவுகின்றன. நன்கு அளந்து செய்த மாதிரி அலமாரிக்கு அழகு தருவதுடன் ஓர் ஆவணமாகவும் நிற்கும் என்பதற்கு இது சான்று.

முதல் கப்பலைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவர்களில் பலர் மூன்று பாய்மரமும் நூறு பீரங்கியும் உடைய போர்க்கப்பலைத் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தகைய மாதிரிக்கு ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு தேவைப்படலாம். பாதியில் நின்றுபோகும் மாதிரிகளுக்கு இதுவே முதற் காரணம். ஒன்று அல்லது இரண்டு பாய்மரமும், எளிய மேல்தளமும், குறைந்த அலங்காரமும் உடைய வணிகக் கப்பலே தொடக்கத்துக்கு ஏற்றது.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட 'அன்னபூரணி' இரண்டு பாய்மரம் கொண்ட வணிகக் கப்பல். அதன் நீளம் 89 அடி, அகலம் 19 அடி. சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் இராபின்சன் இதனை விலைக்கு வாங்கி, 'புளோரன்சு சி. இராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயெசு வழியாகவும் அத்திலாந்திக் கடல் வழியாகவும் செலுத்தி, 1938 ஆகத்து மாதத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளோசுடர் துறைமுகத்தை அடைந்தனர்.

அளவு விகிதம்

மாதிரியின் ஒரு அலகு மூலக் கப்பலின் எத்தனை அலகுகளைக் குறிக்கிறது என்பதே அளவு விகிதம். கால் அங்குலம் ஓர் அடியைக் குறித்தால் 1:48, அரைக்கால் அங்குலம் ஓர் அடியைக் குறித்தால் 1:96. அன்னபூரணியின் 89 அடி ஏறத்தாழ 27.1 மீட்டர். அதன் உடல் வெவ்வேறு விகிதங்களில் பின்வருமாறு அமையும்:

1:48 – நீளம் 56.5 செ.மீ., அகலம் 12.1 செ.மீ.
1:72 – நீளம் 37.7 செ.மீ., அகலம் 8 செ.மீ.
1:96 – நீளம் 28.3 செ.மீ., அகலம் 6 செ.மீ.

முதல் மாதிரிக்கு 1:96 போதுமானது. உடல் பள்ளி அளவுகோலின் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஐந்தரை அடி உயர மாலுமி இந்த விகிதத்தில் 17 மி.மீ. உயரமே இருப்பார். அட்டையில் அந்த உயரத்துக்கு ஒரு மனித உருவம் வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடிச் சுவர், கதவு, படி எதைச் செய்தாலும் அந்த உருவத்தை அருகில் நிறுத்திப் பார்த்தால் அளவுப் பிழை உடனே தெரிந்துவிடும்.

பொருள்களும் கருவிகளும்

உடலுக்குக் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் பால்சா மரத்தையோ, தச்சுப் பட்டறையில் மிஞ்சும் குமிழ் போன்ற மென்மையான மரத்தையோ பயன்படுத்தலாம். பாய்மரத்துக்கு நேரான மூங்கில் குச்சி ஏற்றது. பாய்க்கு மெல்லிய மல் துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் பழுப்பேறிய நிறம் கிடைக்கும். கயிற்றுக்குப் பருத்தி நூல் அல்லது பாலியெஸ்டர் நூல் போதும். நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்தால் பிசிறு அடங்கும்.

கூர்மையான சிறு கத்தி, இழைவாள், உப்புத்தாள், இடுக்கி, மரப்பசை, துணி உலர்த்தும் கிளிப்புகள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமான கருவிகள். கத்தியை எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகச் செலுத்த வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும்.

உடல் செய்யும் முறை

மாதிரிக் கப்பலின் உடலை இரண்டு முறைகளில் செய்யலாம். ஏராவை வைத்து, அதன்மேல் வங்குகளை நிறுத்தி, பலகை பொருத்துவது ஒன்று. இது உண்மைக் கப்பல் கட்டும் வரிசையை ஒத்தது என்றாலும் பழகியவருக்கே உரியது. மற்றொன்று அடுக்கு முறை. தொடங்குபவருக்கு இதுவே எளிது.

அடுக்கு முறையில் கப்பலின் உடல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தோசைகளைப் போலக் கிடைமட்டத் துண்டுகளாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் 6 மி.மீ. கனமுள்ள பலகையில் வரைந்து வெட்ட வேண்டும். அடியில் உள்ளது ஒடுக்கமாகவும் மேலே செல்லச் செல்ல அகலமாகவும் இருக்கும். எல்லாப் பலகைகளின் நடுக்கோடும் ஒரே நேரில் வருமாறு ஒட்டி, ஒருநாள் முழுதும் உலர விட வேண்டும். பிறகு படிபடியாகத் தெரியும் விளிம்புகளைச் செதுக்கி உப்புத்தாளால் தேய்த்தால் வளைவு வெளிப்படும். பலகைகள் சேரும் பசைக்கோடு தேயாமல் இருக்கும் வரை வடிவம் சரியாக உள்ளது என்று பொருள்.

வலப்புறமும் இடப்புறமும் ஒத்திருக்க, அணியத்துக்கு அருகில், நடுவில், பின்புறத்துக்கு அருகில் என மூன்று இடங்களுக்கு அட்டையில் வளைவு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் பொருந்தும் அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்தால், இடைவெளி இருக்கும் இடத்தில் மரம் கூடுதலாகச் செதுக்கப்பட்டுள்ளது என்பது தெரியும்.

பாய்மரமும் கயிறும்

கப்பலின் கயிறுகள் இருவகை. பாய்மரம் சாயாமல் தாங்குபவை நிலைக்கயிறுகள். பாயையும் பருமலையும் அசைப்பவை இயங்கு கயிறுகள். பாய் தொங்கும் குறுக்கு மரமே பருமல் எனப்படும். நிலைக்கயிறுகளை முதலில் கட்டி, அதன்பிறகே பருமல்களையும் இயங்கு கயிறுகளையும் பொருத்த வேண்டும். வரிசை மாறினால் கைவிரல் நுழைய இடமிராது.

ஒரு பக்கத்து நிலைக்கயிற்றை முழுதும் கட்டிவிட்டு மறுபக்கம் சென்றால் பாய்மரம் வளைந்துவிடும். வலம், இடம் என மாறிமாறிக் கட்டுவதே முறை. 5 செ.மீ. பருமனுள்ள கயிறு 1:96 விகிதத்தில் அரை மி.மீ. நூலாகும். மாலுமிகள் ஏறும் கயிற்று ஏணியின் படிகளுக்கு இடையே உண்மைக் கப்பலில் ஏறத்தாழ 38 செ.மீ. இருக்கும். மாதிரியில் அது 4 மி.மீ. மட்டுமே. தொடங்குபவர்கள் இதை 10 மி.மீ. வரை விட்டுவிடுவதுண்டு. அட்டை மாலுமியை அதன் அருகில் வைத்துப் பார்த்தால், அவர் ஏற முடியாத ஏணி அது என்பது விளங்கும்.

எந்தப் பாய்மரத்தில் எத்தனை பருமல் என்பதை ஊகித்துச் செய்யக்கூடாது. மூலக் கப்பலின் ஒளிப்படத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

வகுப்பறையில் அச்சு முறை

ஒரு வகுப்பில் பலர் சேர்ந்து செய்யும்போது ஒவ்வொருவரும் உடலைச் செதுக்குவது கடினம். இதற்குப் பீங்கான் தொழிலின் அச்சு முறை கைகொடுக்கும். பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலுக்கான அரசுக் கல்வி நிறுவனமும் உள்ள கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தில், பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்றிப் பொம்மைகள் வார்ப்பது வழக்கமான வேலை. அச்சு நீரை உறிஞ்சுவதால் அதன் உட்சுவரில் களிமண் படிகிறது. போதிய கனம் படிந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளீடற்ற வார்ப்பு கிடைக்கிறது.

ஒரு மர உடலைச் செதுக்கி அதற்கு அச்சு எடுத்தால், வகுப்பு முழுமைக்கும் உடல்கள் வார்க்கலாம். ஆனால் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். சுருக்கம் பத்தில் ஒரு பங்கு என்றால், 28.3 செ.மீ. உடல் கிடைக்க மூல மர உருவம் 31.4 செ.மீ. இருக்க வேண்டும். மண்ணுக்கு மண் இது மாறும் என்பதால், முதலில் 10 செ.மீ. கோடு கீறிய மண் பட்டை ஒன்றைச் சுட்டு அளந்துகொள்வது நல்லது. நீண்டு ஒடுங்கிய உடல் சூளையில் கோணிக்கொள்ளவும் கூடும். அதைத் தவிர்க்க விரும்புவோர் அதே அச்சில் காகிதக் கூழை அழுத்தி எடுக்கலாம். அது எடையும் குறைவு, பாய்மரத்துக்குத் துளையிடவும் எளிது.

அளவுக் குறிப்பேடு

மாதிரியுடன் ஒரு குறிப்பேடும் உருவாக வேண்டும். மூலக் கப்பலின் பெயர், கட்டிய ஊர், அளவுகள், அவை எங்கிருந்து பெறப்பட்டன, அளவு விகிதம், எவை ஒளிப்படத்தைப் பார்த்துச் செய்தவை, எவை ஊகம் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ஊகத்தை ஊகம் என்றே எழுதினால்தான், பின்னால் வருபவர் அதைத் திருத்த முடியும்.

அளந்து பழகக் கடற்கரை ஊரில் வசிக்க வேண்டும் என்பதில்லை. விருத்தாசலத்திலிருந்து கடலூர் துறைமுகச் சந்திப்புக்கு இரயில் வழி உண்டு. கரையில் ஏற்றி வைத்த பழைய மரப்படகு ஒன்றை, உரியவரின் அனுமதியுடன், அளவு நாடாவும் நூல்குண்டும் கொண்டு இருவர் அரைநாளில் அளந்துவிடலாம். நீளம், நடு அகலம், ஆழம், மூன்று இடங்களில் வளைவு ஆகியவை போதும். கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட நிலையில், அந்த மரப்படகு அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அதைப் பற்றி எழுதப்பட்ட ஒரே அளவாக அம்மாணவர்களின் குறிப்பேடு அமையக்கூடும்.