ரஸ்ம்நாமா: முகலாயத் தூரிகையில் மகாபாரதம்

முகலாய ஓவியம் என்றதும் அரசவையும் வேட்டையும் பூந்தோட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்பரின் ஓவியச்சாலை மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் நூற்றுக்கணக்கான சிற்றோவியங்களாகத் தீட்டி வைத்தது என்பதை நம்மில் பலர் அறிந்திலர். இம்முயற்சி எவ்வாறு நிகழ்ந்தது, அது நமக்கு உணர்த்துவது யாது என்பதை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

மகாபாரதத்தைப் பாரசீக மொழியில் பெயர்க்குமாறு 1582இல் அக்பர் ஆணையிட்டார். சமஸ்கிருதப் பண்டிதர்கள் மூலத்தின் பொருளை எடுத்துரைக்க, நகீப் கான், முல்லா அப்துல் காதிர் பதாயூனி, சுல்தான் ஹாஜி தானேசரி முதலானோர் அதனைப் பாரசீகத்தில் வடித்தனர். 'போர் நூல்' எனப் பொருள்படும் ரஸ்ம்நாமா என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1587இல் அபுல் ஃபஸ்ல் எழுதிய முன்னுரை இதன் நோக்கத்தைத் தெளிவாக்குகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அறியாமையாலேயே வெறுக்கின்றனர். ஒருவர் நூலை மற்றவர் படித்தறிந்தால் அவ்வெறுப்புத் தணியும் என்பதே அவர் கருத்து.

இதனை அனைவரும் உவந்து ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. மார்க்கப் பற்று மிக்க பதாயூனி, இப்பணி தம்மீது சுமத்தப்பட்டதாகவே கருதித் தம் வரலாற்று நூலில் மனக்கசப்பைப் பதிவு செய்துள்ளார். எனினும் அவரே ஏறத்தாழ நான்காண்டுகள் உழைத்து இராமாயணத்தையும் பாரசீகத்தில் முடித்துக் கொடுத்தார். உடன்படாத கொள்கையுடைய நூலையும் பொறுப்புடன் பெயர்த்த அவருடைய உழைப்பு நம் கவனத்துக்குரியது.

ஓவியங்களோ கூட்டுழைப்பின் விளைவு. ஒரு பக்கத்தின் அமைப்பைத் தேர்ந்த கலைஞர் வரைவார். மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். சிலவற்றில் முகங்களை மட்டும் எழுத மூன்றாமவர் அமர்வார். அவர்தம் பெயர்களை எழுத்தர்கள் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்தனர். ஜெய்ப்பூரில் உள்ள அரசப் பிரதியில் அடிக்கடி காணப்படும் பெயர் தஸ்வந்த் என்பதாகும். பல்லக்குத் தூக்குவோரின் மகனாகிய இவர் சுவர்களில் வரைந்து திரிந்ததைக் கண்ட அக்பர், ஈரானிலிருந்து வந்த குவாஜா அப்துஸ் ஸமதிடம் பயிற்சிக்கு ஒப்படைத்தார். 1584இல் தஸ்வந்த் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டது அக்கலைக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

இரு மரபுகள் கலந்த நிலையை இவ்வோவியங்களில் தெளிவாகக் காணலாம். மகாபாரதத்தின் பிற்சேர்க்கையான ஹரிவம்சத்தின் பாரசீகப் பிரதியிலிருந்து ஒரு பக்கம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கோவர்த்தன மலையைக் கிருஷ்ணன் தாங்கி நிற்க, ஆயர்களும் ஆநிரைகளும் அதன்கீழ் ஒதுங்கியுள்ளனர். கதை இந்நாட்டினது, மலைப்பாறைகளின் வடிவமோ பாரசீக ஓவியம் பயிற்றுவித்தது.

இந்நூல்கள் அரசவையோடு நின்றுவிடவில்லை. அக்பரின் அன்னை ஹமீதா பானு பேகத்துக்குரிய இராமாயணப் பிரதி இன்று தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. தளபதி அப்துர் ரஹீம் கான்-இ-கானான் தமக்கெனத் தீட்டச் செய்த பிரதி வாஷிங்டனில் உள்ளது. பின்னர் மேவார் அரசர் ஜகத் சிங்கின் ஆணையால் 1649 முதல் 1653 வரை உருவான இராமாயணத்தில், ஜைனரான ஹீரானந்தர் எழுத்தைப் படியெடுத்தார். யுத்த காண்டத்தின் ஓவியங்களைத் தீட்டியவர் சாஹிப்தீன் என்னும் முஸ்லிம் கலைஞர்.

உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் குறித்து நம் உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கடும் மறுப்பு உண்டு; அம்மறுப்பை நாம் எளிதாகக் கருதுவதற்கில்லை. அக்பரோ, உருவத்தை வரைந்தும் அதற்கு உயிரூட்ட இயலாத ஓவியன், உயிரளிக்கும் இறைவனை உணரவே செய்வான் என்று கருதியதாக அபுல் ஃபஸ்ல் குறிக்கிறார். இவ்விரு நோக்குகளில் எதனை ஏற்பினும், ஓர் உண்மை எஞ்சுகிறது. பிறர் போற்றும் நூலை ஊன்றிப் படித்தறிவது வேறு. அதன் கொள்கையை ஏற்பது வேறு. இவ்வேறுபாட்டை பதாயூனியின் எழுதுகோல் மெய்ப்பித்துள்ளது. அண்டை வீட்டாரின் நூல்களைப் பற்றி நாம் செவிவழிச் செய்தியாக மட்டும் அறிந்து அமைவோமாயின், நானூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தோர் எட்டிய அளவைக்கூட நாம் எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.